புல்லுக்குள் பழுப்பன்: ராமநாதபுரம் கரையில் எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது

ஆடுதீண்டாப்பாளைக் கொடி ஏறிய வேலியில் சிவப்பு உடம்போடு கிரிம்சன் ரோஸ் பட்டாம்பூச்சி பறந்தால் யாராக இருந்தாலும் நின்று பார்ப்பார்கள், போனை எடுப்பார்கள். அதே வேலிக்கு அடியில், முழங்காலுக்கும் கீழே, புல்லோடு புல்லாகத் தத்தித் தத்திப் போகிற சின்னப் பழுப்புப் பூச்சியை ஒருத்தரும் பார்ப்பதில்லை. பட்டாம்பூச்சி பார்க்கத் தொடங்குகிறேன், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தப் பழுப்பைத்தான். உயரமாகப் பறக்காது, வேகமாகவும் பறக்காது, பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்துவிடும், பூச்செடி எதுவும் தேவையில்லை, புல் இருந்தால் போதும். அதோடு, மழைக்கு ஒரு சட்டை வெயிலுக்கு ஒரு சட்டை என்று உடுப்பு மாற்றுகிற கூட்டம் இது. அந்த மாற்றத்தை நம்ம கரையில் இருந்துகொண்டு கவனிப்பதில் தனி அர்த்தம் இருக்கிறது, அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

யார் இவை

பட்டாம்பூச்சிகளில் நிம்ஃபாலிடே என்று ஒரு பெரிய குடும்பம். முன்னங்கால் இரண்டும் சுருங்கிப்போய் நான்கு காலில் மட்டுமே நிற்கும். அதற்குள் சட்டைரினே என்ற துணைக் குடும்பம்தான் நம்முடைய பழுப்பர்கள். உலகம் முழுக்க, கடலோரத்திலிருந்து இமயமலைப் புல்வெளி வரைக்கும், இவற்றின் புழுக்களில் பெரும்பாலானவை புல்லும் மூங்கிலுமாகவே தின்னும். சில பனையினத்து ஓலையைத் தின்னும். அதனால்தான் புல் எங்கேயோ பழுப்பன் அங்கே.

பெயர்களை ஆங்கிலத்தில் வழங்குகிறபடியே எழுதுகிறேன், படம் தேடும்போது உங்களுக்கு அதுதான் கைகொடுக்கும். நம்ம பக்கம் தொடங்குபவருக்கு மூன்று கூட்டம் தெரிந்தால் போதும். ஒன்று, ரிங் என்று பெயர் முடிகிற சின்னப் பூச்சிகள், சிறகை விரித்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும். இரண்டு, புஷ்பிரவுன், அதைவிடக் கொஞ்சம் பெரிது, நிழலில் இருக்கும். மூன்று, காமன் ஈவினிங் பிரவுன், ஆறு ஏழு சென்டிமீட்டர் வரும், பகலெல்லாம் சருகுக்குள் கிடந்துவிட்டு மசங்கல் நேரத்தில் கிளம்பும். ராத்திரி வீட்டு டியூப் லைட்டுக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய பழுப்புப் பூச்சியை அந்துப்பூச்சி என்று விளக்குமாற்றால் தட்டிவிடுகிறோம் இல்லையா, அதில் சில தடவை அடிபடுவது இந்த ஈவினிங் பிரவுன்தான். அடுத்த தடவை தட்டுவதற்கு முன் கொம்பைப் பாருங்கள். உணர்கொம்பின் நுனி லேசாகத் தடித்துக் குண்டூசித் தலைபோல இருந்து, சிறகை முதுகுக்கு மேலே நேராக மூடி வைத்திருந்தால் பட்டாம்பூச்சி.

இடத்தைப் பிடிப்பது

முதல் வேலை, ஊர் ஊராக அலையாமல் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. தென்னந்தோப்பின் ஓரம், கண்மாய்க் கரையின் உள்சரிவு, ஊருணியைச் சுற்றிய புல்தரை, பனைவடலிக்கு நடுவே அருகம்புல் படர்ந்த இடம், இவை எல்லாம் நல்லது. உச்சிப்புளி, பெரியபட்டினம், திருப்புல்லாணி, தங்கச்சிமடம் என்று தோப்பு இருக்கிற ஊர்க்காரர்களுக்குக் கவலையே இல்லை. சாயல்குடிப் பக்கம் இருப்பவர்கள் பனங்காட்டில் நிழலும் ஈரமும் சேர்கிற பள்ளமான பகுதியைப் பாருங்கள். சீமைக்கருவேல் மண்டிய இடத்துக்கு உள்ளே போய்ப் பயனில்லை, அதன் அடியில் புல் முளைப்பதே அபூர்வம், முள்தான் மிச்சம். அந்தக் காட்டின் விளிம்பில் வெயில் படுகிற இடத்தில் புல் இருக்கும், அங்கே நில்லுங்கள்.

தனுஷ்கோடிக்கு ஒரு பட்டாம்பூச்சிப் பயணம் என்று போகிறவர்கள் மணல்மேட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ராவணன் மீசையும் அடம்பங்கொடியும் மட்டும் இருக்கிற திறந்த மணலில் பழுப்பனுக்கு ஒதுங்க இடம் கிடையாது. போகிற வழியில் தங்கச்சிமடத்துத் தோப்பிலேயே இறங்கிவிடுவது நல்லது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் சேர்ந்த தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, பூச்சி பார்ப்பதற்கானாலும்.

அடுத்தது காற்று. மலையோரத்து ஊர்க்காரர்கள் எழுதிய குறிப்புகளில் வானம் தெளிவாக இருந்தால் போகலாம் என்று இருக்கும், நமக்கு அது பத்தாது. கச்சான் என்கிற மேற்குக் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் திறந்த புல்தரையில் ஒரு பூச்சியும் எழும்பாது. அப்போது ஓலை வேலிக்கோ கண்மாய்க் கரைக்கோ கிழக்குப் பக்கமாக, காற்று மறைகிற பக்கத்தில் குனிந்து தேடுங்கள். கார்த்திகை மார்கழியில் வாடை திரும்பியதும் நீங்களும் பக்கத்தை மாற்றி, வேலிக்குத் தெற்கே மேற்கே போய்விட வேண்டும். ஒரே தோப்பில் ஆறு மாதம் ஒரு மூலையிலும் ஆறு மாதம் எதிர்மூலையிலும் பூச்சி பார்த்திருக்கிறேன். வள்ளத்தில் போகிறவர்களிடம் காலையில் என்ன காற்று என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்ல பழக்கம்.

காலையில் ரிங்குகள்

ஏழரை மணியிலிருந்து பத்து மணிக்குள் போங்கள். அதற்குமேல் நம்ம வெயிலில் பூச்சி நிழலுக்கு ஒதுங்கிவிடும், நீங்களும் ஒதுங்கிவிடுவீர்கள். பூட்ஸ் அல்லது மூடிய செருப்பு, தொப்பி, தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, பேனா, கையில் இருக்கிற போன். கேமரா வாங்கின பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருக்க வேண்டாம், ரிங்குகள் அரை அடி வரைக்கும் நெருங்கவிடும்.

போனவுடன் நடக்கத் தொடங்கிவிடாதீர்கள். பத்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்று முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் பாருங்கள். புல்நுனிக்கு ஒரு சாண் மேலே, நேராகப் போகாமல் துள்ளித் துள்ளி, யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி ஒன்று போகும். அதுதான். பின்னாலேயே ஓடாதீர்கள், உட்காரும் வரை கண்ணால் மட்டும் தொடருங்கள், உட்கார்ந்த பிறகு உங்கள் நிழல் அதன்மேல் விழாத பக்கமாகச் சுற்றிப் போய், மூன்றடி தூரத்தில் குத்துக்கால் போட்டு உட்காருங்கள். அப்புறம் நகர்வதெல்லாம் உட்கார்ந்தபடியேதான். சத்தத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டத்தில் நிறைய வகைகளுக்கு முன்சிறகின் அடிப்பக்க நரம்பு ஊதியிருக்கும், வட அமெரிக்காவில் இருக்கும் காமன் வுட் நிம்ஃப் என்ற உறவுப் பூச்சியில் ஆராய்ந்தபோது அந்த ஊதிய நரம்பு காது கேட்பதற்கு உதவுகிறது என்று தெரியவந்தது. பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே படமெடுக்கிற பழக்கத்தை அதைப் படித்த நாளோடு விட்டுவிட்டேன்.

படத்தில் வேண்டியது சிறகின் அடிப்பக்கம், அதாவது மூடி உட்கார்ந்திருக்கும்போது நமக்குத் தெரிகிற பக்கம். முதல் ஒரு வருஷம் நான் எடுத்தது முழுக்க மேல்பக்கப் படங்கள், சிறகை விரித்தால்தான் அழகு என்று காத்திருந்து எடுத்தவை. அவற்றில் பாதியை இன்றுவரை பெயர் சொல்லிப் பிரிக்க முடியவில்லை, ஏனென்றால் மேல்பக்கம் பார்த்தால் எல்லாமே பழுப்பு. போனைப் பூச்சியின் உயரத்துக்கே இறக்கி, சிறகுக்கு நேர் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். முடிந்தால் மூன்று படம்: முழுப் பூச்சி, பின்சிறகு மட்டும், முன்சிறகின் முனை. முன்சிறகைப் பின்சிறகுக்குள் சொருகி வைத்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள், லேசாகக் கலைந்தால் தானே மேலே தூக்கும், அப்போது முனையில் இருக்கிற பெரிய கண் தெரியும். மஞ்சள் வளையம், கறுப்பு நடு, அதற்குள் இரண்டு வெளிர்நீலப் புள்ளி. அந்த இரட்டைப் புள்ளி தெரிந்தால் ரிங் கூட்டம்தான், சந்தேகமே வேண்டாம்.

இனி எண்ண வேண்டியது பின்சிறகின் அடிப்பக்கத்து வளையங்களை. பனைமரத்தைப் பிளந்தால் உள்ளே ஓடுகிற வரி மாதிரி மெல்லிய பழுப்பு வரிகள் சிறகு முழுக்க இருக்கும், அதன் மேல் வளையங்கள். மூன்று சின்ன வளையம் என்றால் காமன் திரீரிங். ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலங்களிலும் இருக்கிற பூச்சி இது, நம்ம சீமைக்கு ஏற்ற ஆள். மேல்முனையில் ஒன்றும் கீழே மூன்றுமாக நான்கு இருந்தால் காமன் ஃபோர்ரிங்கா வொயிட் ஃபோர்ரிங்கா என்று பார்க்க வேண்டும். பின்சிறகின் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்து அதன்மேல் பழுப்பு வரி ஓடினால் வொயிட் ஃபோர்ரிங். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கிழக்குக் கரையோரமாக மேலே ஒடிசா வரைக்கும் இருக்கிற பூச்சி. பறக்கும்போதே அந்த வெள்ளை மினுக் மினுக்கென்று தெரியும், ஒரு மாதப் பழக்கத்தில் உட்காராமலே சொல்லிவிடுவீர்கள். பொதுவாகச் சாம்பல் கலந்த பழுப்பாகவே இருந்தால் காமன் ஃபோர்ரிங் பக்கம் யோசியுங்கள்.

நிழலான தோப்புக்குள், வாழைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, கடும் பழுப்பில் ஒன்று எழும்பி இரண்டு கெஜம் போய் மறுபடி உட்கார்ந்தால் புஷ்பிரவுன். அடிப்பக்கத்தில் ஒரு வெளிர்க்கோடு முன்சிறகிலும் பின்சிறகிலும் தொடர்ந்து ஓடும், அந்தக் கோட்டுக்கு வெளியே கண்கள் வரிசையாக இருக்கும். புஷ்பிரவுன்களுக்குள்ளே இன்னது என்று பிரிப்பது கடினம். தொடங்குகிறவர்கள் நோட்டில் புஷ்பிரவுன் என்று மட்டும் எழுதிவிட்டு நகருங்கள், பெயர் தெரியவில்லையே என்று ஒரு பூச்சியோடு ஒரு காலையை முழுதாக விடவேண்டாம்.

மசங்கலில் ஈவினிங் பிரவுன்

இதற்குத் தனியாக ஒரு சாயங்காலம் வேண்டும். சூரியன் விழுவதற்கு அரை மணி முன்னால் தோப்புக்குள் போய்விடுங்கள். சருகு கிடக்கிற இடத்தில் நடந்தால் காலடியிலிருந்து ஒரு காய்ந்த இலை எழும்பிப் போய் இன்னொரு சருகுக் குவியலில் விழும், அதுதான் பூச்சி. விழுந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுத்தீர்கள் என்றால் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. நான் என்ன செய்வேன் என்றால், விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மட்டையோ தேங்காய் நெற்றோ ஏதாவது அடையாளம் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டு நெருங்குவேன். வெயில் முழுதாக இறங்கியதும் அவை தாமாகவே எழும்பிப் பறக்கும். ஆண்கள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே வருகிற மற்றவற்றைத் துரத்தும், இரண்டு பழுப்பு ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போவதை அந்த இருட்டுக்கு முன்னான கொஞ்ச நேரத்தில்தான் பார்க்க முடியும்.

ஈவினிங் பிரவுனும் புஷ்பிரவுனும் பூவை விட அழுகிய பழத்தையும் மரத்தில் வடிகிற பாலையும்தான் விரும்பும். அதனால் வரவழைப்பது எளிது. நன்றாகக் கனிந்து கறுத்த வாழைப்பழம் இரண்டைக் கொஞ்சம் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, ஒருநாள் மூடி வைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் சாயங்காலம் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்து மரத்தடியில் வைத்துவிடுங்கள். எறும்பு ஏறாமல் சிரட்டையைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரு தட்டுக்குள் வைப்பது நல்லது. ஆவணி மாதத்தில் இந்த வேலையே வேண்டாம், பனம்பழம் விழுந்து நசுங்கிக் கிடக்கும், மணம் அரை பர்லாங் தூரம் வரும், அந்தப் பழத்தைச் சுற்றித் தேடினாலே போதும். நான் முதன்முதலாக ஈவினிங் பிரவுனை நிதானமாக, சுருட்டின நாக்கை நீட்டி உறிஞ்சுவது வரைக்கும், பார்த்தது ஒரு பனம்பழத்தின் மேல்தான்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சருகும் இருட்டும் சேர்ந்த இடத்தில் கட்டுவிரியனும் சுருட்டைவிரியனும் இருக்கும். வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் போகக் கூடாது, கையில் டார்ச் இருக்க வேண்டும், சருகைக் கையால் கிளறவே கூடாது, குச்சியால் மட்டும். தனியாகப் போகிறீர்கள் என்றால் எந்தத் தோப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தோப்புக்காரரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மசங்கலில் டார்ச்சோடு மரத்தடியில் யாராவது குனிந்துகொண்டிருந்தால் தேங்காய் திருட வந்தவர் என்றுதான் நினைப்பார்கள்.

கண்ணை அளந்து, தேதியோடு எழுதுங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பழுப்பர்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு உருவம் உண்டு. மழைக்கால உருவத்தில் சிறகின் அடிப்பக்கத்துக் கண்கள் பெரிதாக, வளையம் பளிச்சென்று இருக்கும். வறண்ட கால உருவத்தில் கண் சுருங்கி வெறும் பொட்டாகிவிடும், சிலதில் அதுவும் இருக்காது, சிறகு முழுக்கச் சருகு நிறம். ஈவினிங் பிரவுனில் இந்தச் சருகு உடுப்பு ஒன்றைப் போல ஒன்று இருக்காது. செம்மண் நிறம், சாம்பல், கருந்திட்டு, நடுநரம்பு மாதிரி ஒரு கோடு என்று பத்துப் பூச்சிக்குப் பத்து விதம். தெரியாதவர்கள் பத்து இனம் என்றே எழுதிவிடுவார்கள்.

ஏன் இப்படி? மழைக்காலத்தில் எல்லாம் பச்சையாக இருக்கும்போது பழுப்புச் சிறகு எப்படியும் தெரிந்துவிடும். அப்போது ஓரத்தில் ஒரு பெரிய கண் இருந்தால் ஓணானோ கரிச்சானோ உடம்பைக் கொத்தாமல் அந்தக் கண்ணைக் கொத்தும், சிறகின் ஓரம் கிழிந்தாலும் பூச்சி பறந்துவிடும். வறண்ட காலத்தில் தரை முழுக்கச் சருகு, அசையாமல் கிடந்தாலே தப்பிக்கலாம், அங்கே பளிச்சென்ற கண் இருப்பது ஆபத்து. இதை நீங்களே சரிபார்க்கலாம். சிறகு கிழிந்த பூச்சி கிடைக்கும்போது எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். ஓரத்தில், கண் இருக்க வேண்டிய இடத்தில், அலகு அளவுக்கு முக்கோணமாக ஒரு துண்டு போயிருந்தால் அது கொத்து வாங்கித் தப்பிய பூச்சி. அந்தக் கிழிசலையும் படம் எடுங்கள், முழுச் சிறகுப் படத்தைவிட எனக்கு அது முக்கியம்.

எந்த உருவம் வரும் என்பது புழுவாக இருக்கும்போதே, குறிப்பாகக் கடைசிக் கட்டத்தில், தீர்மானமாகிவிடுகிறது. ஆப்பிரிக்காவின் பைசிக்லஸ் அனினானா என்ற புஷ்பிரவுனை வைத்து ஆய்வுக்கூடங்களில் பல வருஷமாக வேலை நடந்திருக்கிறது. புழுவை 27 டிகிரி சூட்டில் வளர்த்தால் பெரிய கண்ணோடும், 20 டிகிரிக்குப் பக்கத்தில் வளர்த்தால் சின்னக் கண்ணோடும் வருகிறது. அதன் நாட்டில் மழைக்காலம் சூடானது, வறண்ட காலம் குளிரானது, அதனால் அந்தப் பூச்சிக்குச் சூடுதான் பஞ்சாங்கம்.

இப்போது நம்ம கரையைப் பாருங்கள். இந்தியாவின் பெரும்பகுதிக்கு ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை, நமக்கு அப்போதுதான் கச்சானும் புழுதியும். நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், வாடையோடு வருகிறது, வருஷத்தின் குளிர்ந்த காலம் தொடங்குகிற நேரத்தில். அதாவது நம்ம மழை குளிரோடு வருகிறது, வறட்சி சூட்டோடு வருகிறது. ஆப்பிரிக்கப் பூச்சியின் ஊருக்கு நேர் தலைகீழ். அதனால் புத்தகத்தில் இந்த மாதம் மழைக்கால உருவம், இந்த மாதம் வறண்ட கால உருவம் என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்ம ஊருக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்ம ஊர்ப் பஞ்சாங்கத்தை நாம்தான் எழுத வேண்டும். என் நோட்டில் மார்கழியில் எடுத்த வொயிட் ஃபோர்ரிங் படங்களில் வளையங்கள் மஞ்சள் விளிம்போடு தெளிவாக இருக்கின்றன, அதே வேலியோரம் பங்குனியில் எடுத்தவற்றில் ஊசி குத்தின பொட்டுகள். இடைப்பட்ட உருவங்களும் வரும், ஒரே சாயங்காலம் இரண்டும் சேர்ந்தும் வரும். அவற்றையும் விடாமல் எழுதுங்கள்.

எழுதுகிற முறை இதுதான். தேதி, நேரம், இடம், பூச்சியின் பெயர் (தெரியவில்லை என்றால் கூட்டத்தின் பெயர்), எத்தனை பூச்சி, கண் பெரிதா, நடுத்தரமா, பொட்டா. கூடவே, கடைசியாக மழை பெய்து எத்தனை நாளாயிற்று, புல் பச்சையா காய்ந்ததா. காற்று எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. இவ்வளவுதான், இரண்டு வரியில் முடிந்துவிடும். வாரம் ஒரு தடவை, ஒரே தடத்தில், ஒரே நேரத்தில் நடந்து எழுதினால் போதும். ஒன்றுமே பார்க்காத நாளில் ஒன்றுமில்லை என்று எழுதுங்கள், அந்த வரியும் கணக்கில் சேரும். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத்தளத்தில் தேதி, இடத்தோடு ஏற்றிவிட்டால் அடையாளம் சொல்ல ஆள் வருவார்கள், உங்கள் பதிவும் நிற்கும். செப்டம்பர் மாதத்தை நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி மாதமாக எடுத்துக் கணக்கெடுக்கிறார்கள். அதில் கலந்துகொள்ளுங்கள், ஆனால் நம்ம ஊரில் அது மழைக்கு முந்தைய வறண்ட மாதம் என்பதை நினைவில் வையுங்கள். அதே தடத்தில் நவம்பரிலும் ஜனவரியிலும் நடந்து பார்த்தால்தான் ராமநாதபுரத்துக் கணக்கு முழுசாகும்.

புழு தேடுவது

மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளில் புல் தழைக்கும், அப்போது தேடலாம். கினிப்புல்லிலும் நெற்பயிரிலும் ஈவினிங் பிரவுனின் புழு இருக்கும். புல்லின் அதே பச்சை, உடம்பு நீளத்துக்கு மெல்லிய கோடுகள், தலையில் இரண்டு கொம்பு, வாலில் பிளவுபட்ட இரண்டு முனை. நெல் விவசாயிகள் கொம்புப் புழு என்பார்கள். பயிருக்குப் பெரிய சேதம் செய்கிற அளவுக்குச் சாதாரணமாகப் பெருகாது, அதற்காக மருந்தடிக்க ஓட வேண்டியதில்லை. புழுவை நேரடியாகத் தேடினால் கண்ணில் படாது, இலையின் ஓரம் அரம் போட்டு வெட்டின மாதிரி தின்னப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்து, அந்தத் தாளின் அடிப்பக்கத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தென்னை ஓலையில் இதே மாதிரி கொம்பும் இரட்டை வாலும் கொண்ட பச்சைப் புழு இருந்தால் பாம்ஃபிளை என்ற உறவுக்காரனாக இருக்கும், அதுவும் இந்தத் துணைக் குடும்பம்தான்.

ஒரே ஒரு புழுவை வளர்த்துப் பாருங்கள் என்பேன், பிள்ளைகள் இருக்கிற வீடானால் கட்டாயம். புல்லோடு சேர்த்து வெட்டி, தண்ணீர் ஊற்றிய சின்னப் பாட்டிலில் சொருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்து (இல்லையென்றால் புழு தண்ணீருக்குள் இறங்கிச் செத்துப்போகும்), பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டுங்கள். தினம் புதுப் புல், தினம் எச்சத்தைத் துடைப்பது, வெயில் நேராகப் படாத இடம். புல்லை மருந்தடித்த வயலிலிருந்து எடுக்கக் கூடாது. கூட்டுப்புழுவும் பச்சைதான், மழமழவென்று புல்தாளில் தலைகீழாகத் தொங்கும். முட்டையிலிருந்து பறக்கிற வரை நம்ம சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதம். வெளியே வந்ததும் இரண்டு மணி நேரம் சிறகு உலரவிட்டு, சாயங்காலம் புழுவை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், அதற்கு முன் கண்ணின் அளவை எழுதிவிடுங்கள். புழு எந்த வாரத்தில், எவ்வளவு சூட்டில் வளர்ந்தது என்று தெரிந்த ஒரு பூச்சியின் குறிப்பு அது.

தோப்பு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். களைக்கொல்லி அடிப்பதானாலும் சருகைக் கூட்டிக் கொளுத்துவதானாலும், வேலியோரம் ஒரு பாக அகலத்துக்கு (ஏறக்குறைய ஆறடி) மட்டும் விட்டுவையுங்கள். அந்தச் சருகில்தான் ஈவினிங் பிரவுன் பகலைக் கழிக்கிறது, அந்தப் புல்லில்தான் ரிங்கின் புழு வளர்கிறது. நான் நடக்கிற தடத்தில் ஒரு பெரியவர் நான் கேட்டுக்கொண்டபடி அப்படி விட்டார். மற்ற தோப்பெல்லாம் கூட்டிப் பெருக்கி முற்றம் மாதிரி கிடக்கும் கோடையில், ரிங் பார்க்க நான் போவது அவர் வேலியோரத்துக்குத்தான்.

குழம்பக்கூடியவை

காமன் கேஸ்டர் என்ற ஆரஞ்சுப் பழுப்புப் பூச்சி ஆமணக்கைச் சுற்றியிருக்கும், அலையலையான கோடுகள் உண்டு, கண் கிடையாது. லெமன் பான்சிக்கு மேல்பக்கமே பெரிய கண்கள் இருக்கும், வெயிலில் சிறகை விரித்து உட்காரும். காமன் குரோ பெரிது, கரும்பழுப்பு, ஓரத்தில் வெள்ளைப் பொட்டு வரிசை. குட்டிப் பழுப்பாக இருந்து அம்பு மாதிரி விருட்டென்று பாய்ந்தால் ஸ்கிப்பர், அதன் உணர்கொம்பு நுனி கொக்கி போல வளைந்திருக்கும்.

மலைக்குப் போனால்

ஆறு மாதம் இங்கே பழகினவர்கள் ஒரு தடவை கொடைக்கானலுக்குப் போய்விட்டு வாருங்கள். மதுரை வழியாகப் போனால் காலையில் புறப்பட்டுச் சாயங்காலத்துக்குள் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டருக்கு ஏறிவிடலாம். பழனி மலையின் பெயரையே வைத்திருக்கும் பழனி ஃபோர்ரிங், உயரமான புல்வெளிகளின் நீலகிரி ஃபோர்ரிங், கண்கள் வரிசையாக நிற்கும் ரெட்-ஐ புஷ்பிரவுன் என்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கென்றே உள்ள பழுப்பர்கள் அந்தச் சோலைப் புல்வெளிப் பக்கம் உண்டு. ஈரக்காட்டுக்குள் போகிற வாய்ப்பு கிடைத்தால் தமிழ் கேட்ஸ்ஐ என்ற ஒன்றைத் தேடுங்கள், பெயரில் பூனைக்கண் இருப்பது சும்மா இல்லை. 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனும் மலைக்காட்டுப் பூச்சிதான், பழுப்பர் கூட்டத்தில் சேராது, மறவர் சீமையான நம்ம பக்கம் அதைப் பார்க்க முடியாது என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

அங்கே நேரக் கணக்கு வேறு. நம்ம ஊரில் ஏழரைக்கே எழும்புகிற கூட்டம் மலையில் வெயில் தரையைத் தொடுகிற வரை புல்லுக்குள்ளேயே கிடக்கும். உடம்பு சூடேறாமல் சிறகு அசையாது. அங்கே அவை சிறகை முழுதாக விரித்து வெயிலுக்குக் காட்டி உட்காரும், கரும்பழுப்பு நிறம் சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். மேகம் ஒன்று வந்து மறைத்தால் அந்த நொடியே எல்லாம் புல்லுக்குள் இறங்கிவிடும், மேகம் போகிற வரை நீங்களும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், விட்ட இடத்திலிருந்தே திரும்ப எழும்பும். நம்ம கரையில் வெயிலுக்கு ஒளிகிற அதே கூட்டம் அங்கே வெயிலுக்காகக் காத்துக் கிடப்பதைப் பார்ப்பதற்காகவே நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். பாதையை விட்டுப் புல்வெளிக்குள் இறங்க அனுமதி தேவைப்படுகிற இடங்கள் அங்கே நிறைய, சோதனைச் சாவடியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுப்பது இங்கே பழகின அதே முறைதான்: அடிப்பக்கம், பக்கவாட்டில், பூச்சியின் உயரத்துக்குக் கீழே இறங்கி. நோட்டில் கண்ணின் அளவுக்குப் பக்கத்தில் இங்கே காற்று எழுதின இடத்தில், அங்கே மேகம் எத்தனை தடவை மறைத்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.